எண்களை வாசித்த பிள்ளை

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை பதினொரு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 33 வயது. கணவர் கடற்றொழில் செய்கிறார். 10 வயதில் ஒரு மகள். பங்கில் மறைக்கல்வி ஆசிரியை. 2008இல், 15 வயதில், விடுதலைப் புலிகள் இயக்கம் அவரை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. அண்ணன் ஒளிந்துவிட்டதால் இவரை வாகனத்தில் ஏற்றினார்கள். ஓடினால் ஊரில் தெரிய வேண்டும் என்று தலைமுடியைக் கட்டையாக வெட்டினார்கள். எழுத்து அழகு, குரல் தெளிவு என்று வோக்கி-டோக்கிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். முன்னரங்கிலிருந்து வரும் எண்களைக் கொப்பியில் எழுதி இன்னோர் இடத்துக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். “நீ வாசித்தால் பிழையே வராது” என்று பொறுப்பாளர் அக்கா பாராட்டுவாராம். அந்த எண்கள் ஷெல் விழ வேண்டிய இடங்கள் என்பது சில கிழமைகள் கழித்துத்தான் விளங்கியது. விளங்கிய பிறகும் வாசித்தார். 2009 ஏப்ரலில் புதுமாத்தளன் பக்கம் சனத்துக்குள் தாயைக் கண்டு, உடுப்பு மாற்றி, அவரோடு கடந்து வந்து, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தார். இயக்கத்தில் இருந்ததாக எங்கும் பதியவில்லை.

சென்ற மாதம் பங்கு இளையோர் பொறுப்பாளர், உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று பார்ப்பதற்காக ‘எண்டர்ஸ் கேம்’ என்ற விண்வெளிப் படத்தை ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார். கடைசிப் பகுதியில் இந்தத் தங்கை எழுந்து வெளியே போய்ச் சத்தி எடுத்தார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. அந்த எண்கள் காதில் கேட்கின்றன. மகள் போனில் கேம் விளையாடினால் பறித்து எறிகிறார். படத்தில் பேய் இருக்கிறது, ஜெபித்து விரட்ட வேண்டும் என்கிறார் உறவுக்காரர் ஒருவர். “தாவீதும் சின்னப் பெடியன்தானே, கடவுளே சண்டைக்கு அனுப்பினார்” என்கிறார் இளையோர் பொறுப்பாளர். மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் இதையே சொல்கிறேன், மன்னிப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை, கணவருக்குச் சொல்லலாமா, டொக்டரிடம் போனால் விஷயம் பொலிஸின் சீஐடி பிரிவுக்குப் போகுமா, இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, ஒன்பதாம் பக்கத்தில் நீங்கள் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். “பின்னேரம் கடற்கரைக்குப் போனால் திரும்பி வர மனமில்லை.” அதைக் கடந்து போக என்னால் முடியாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இன்றைக்கே பக்கத்திலிருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, “எனக்குத் தனியே இருக்கப் பயமாக இருக்கிறது” என்றால் போதும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். கொஞ்சக் காலம் கடற்கரைக்கு மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை ஆறுதலாகப் பேசுவோம்.

படம் என்ன செய்தது?

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் படத்தை நானும் பார்த்தேன். பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்க எழுத்தாளர் ஓர்சன் ஸ்கொட் கார்ட் 1985இல் எழுதிய நாவலிலிருந்து 2013இல் எடுத்த படம். எறும்பு போன்ற வேற்றுக்கிரக உயிர்கள் ஒருகாலத்தில் பூமியைத் தாக்கின. மறுபடி வருவார்கள் என்ற பயத்தில், கெட்டித்தனமுள்ள பிள்ளைகளைப் பொறுக்கி விண்வெளியில் போர்ப்பயிற்சி கொடுக்கிறார்கள். எண்டர் என்ற பையன் அதில் முதன்மையானவன். கடைசியில் ஒரு பரீட்சை. கணினித் திரையில் கப்பல்களை நகர்த்தி எதிரியின் கிரகத்தையே அழிக்கிறான். பெரியவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது, அது பரீட்சை இல்லை. திரையில் அழிந்தது உண்மையான உலகம்.

உங்களுக்குச் சத்தி வந்த இடம் அதுதான். அவனுக்குத் திரை, உங்களுக்குக் கொப்பி. இரண்டு பேரும் பிழையில்லாமல் வேலை செய்தீர்கள், இரண்டு பேரையும் பெரியவர்கள் பாராட்டினார்கள், இரண்டு பேருமே விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை. 17 வருடமாகச் சொல் கிடைக்காமல் உடம்புக்குள் இருந்த ஒன்றை முதல்முறையாக வெளியே, ஒரு கதையாகப் பார்த்தீர்கள். உடம்பு அதற்குப் பதில் சொன்னது. இதில் பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மனவடுவின் பழைய நினைவு தூண்டப்படும்போது சத்தி, நித்திரையின்மை, காதில் குரல் கேட்பதுபோன்ற உணர்வு எல்லாம் வரும். வன்னிச் சனம் முழுவதும் பட்ட கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் தனியாள் இல்லை.

எண்கள் கேட்கும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். செருப்பைக் கழற்றி முற்றத்து மணலில் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைச் சத்தமாகப் பெயர் சொல்லுங்கள்: வேலி, வலை, வாளி, மகளின் சைக்கிள், வேப்பமரம். கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவுங்கள். நோயை மாற்றுகிற மருந்து என்று இதைச் சொல்லமாட்டேன். 2008இலிருந்து இன்றைக்குத் திரும்பி வர ஒரு பாதை, அவ்வளவுதான். மகளின் போனில் குற்றமில்லை. விளையாடுகிற பிள்ளைகள் எல்லாரும் சண்டைக்குப் போகிறவர்கள் இல்லை. பறித்து எறிந்ததற்கு அவளிடம் “அம்மா பயந்துவிட்டேன், உன்மேல் கோபமில்லை” என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போதைக்கு அது போதும்.

“நீ சின்னப்பிள்ளைதானே” என்ற ஆறுதல்

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. போரில் சிறுவரைப் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட விருப்ப நெறிமுறை, அரசுப் படையல்லாத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கவே கூடாது என்கிறது. 2007இன் பாரிஸ் கோட்பாடுகள் துவக்குத் தூக்கிய பிள்ளையை மட்டுமல்ல, சமைத்த, சுமந்த, செய்தி கொண்டுபோன பிள்ளையையும் சேர்த்தே எண்ணி, முதன்மையாகப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கச் சொல்கின்றன. 2009இல் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சமிருந்த இளையோரைக்கூடப் பிடித்து ஏற்றினார்கள். பீடத்துக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கே காவல் இல்லாத நாட்டில், வீட்டிலிருந்த உங்களுக்கு என்ன தெரிவு இருந்தது?

ஆனாலும் “நீ சின்னப்பிள்ளைதானே, உன்மேல் பிழையில்லை, மறந்துவிடு” என்று உங்கள் அக்கா சொன்னபோது உங்களுக்குக் கோபம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. அப்படிச் சொல்பவர் உங்களைத் தேற்றவே பார்க்கிறார். ஆனால் ஷெல் விழுந்த இடத்தில் இருந்தவர்கள் அந்த வசனத்தில் காணாமல் போகிறார்கள். உங்களுக்கு அவர்கள் காணாமல் போகவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை செய்த ஜொனதன் ஷே என்ற மனநல வைத்தியர் இப்படியான வலிக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். தமிழில் மனச்சாட்சிக் காயம் என்று சொல்லலாம். பயத்தால் வரும் காயம் ஒன்று, நல்லது என்று தான் நம்பியதற்கு மாறாகத் தன் கையே நடந்ததால் வரும் காயம் இன்னொன்று. இரண்டாவதுக்கு “பயப்படாதே” என்பது மருந்தாகாது.

என்னிடம் வருகிறவர்களோடு நான் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். தாளில் பெரிய வட்டம் ஒன்று போடுங்கள். அந்த எண்கள் ஷெல்லாக விழுந்ததற்கு யார் யார் பொறுப்பு? போரை நடத்திய இரு தரப்புத் தலைமைகள், பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னவர்கள், வாகனத்தில் ஏற்றியவர்கள், எண் எடுத்து அனுப்பியவர்கள், ஷெல் போட்டவர்கள், பாராட்டி வேலை வாங்கிய பொறுப்பாளர். ஒவ்வொருவருக்கும் அப்பத்தில் துண்டு வெட்டுவதுபோல் ஒரு பங்கு கீறுங்கள். உங்கள் பங்கை ஆகக் கடைசியில் கீறுங்கள். முதலில் உங்களைக் கீறினால் வட்டம் முழுவதும் நீங்களாகிவிடுவீர்கள். 17 வருடமாக நடந்தது அதுதான். கடைசியில் மிஞ்சுவது ஒரு கீற்றாக இருக்கலாம். அந்தக் கீற்றை நான் அழிக்கச் சொல்லமாட்டேன். “விளங்கிய பிறகும் வாசித்தேன்” என்று எழுதிய நேர்மை அதற்குள் இருக்கிறது. ஆனால் அதையும் அந்த 15 வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள்: மாட்டேன் என்றிருந்தால் முன்னரங்குக்கு அனுப்பியிருப்பார்கள், அல்லது உங்கள் வீட்டாரைப் பிடித்திருப்பார்கள். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய பிள்ளையை விசாரிக்கிறீர்கள்.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் இது. ஏமாற்றப்பட்டதைத் தெரிந்த பிறகும் எண்டர் “நான் விளையாடத்தானே செய்தேன்” என்று கையைக் கழுவுவதில்லை. தப்பியிருக்கும் ராணியின் முட்டையை எடுத்து, அந்த இனம் மறுபடி வாழ ஓர் இடம் தேடிப் புறப்படுகிறான். பிடிக்காத இடமும் அதுதான். அவன் தனியாகப் போய்விடுகிறான். இந்த அளவு பாரத்தோடு ஒரு பிள்ளை தனியாகப் போவது கதையில் அழகாக இருக்கலாம். நான் கண்ட வாழ்க்கையில் தனிமைதான் ஆளைக் கொல்கிறது. சியரா லியோனில் போரிலிருந்து திரும்பிய பிள்ளைகளைத் தெரேசா பெட்டன்கோர்ட்டின் குழு 2002இலிருந்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள், பட்டது எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், ஓரளவு நன்றாகத் தேறினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் மோசமானார்கள்.

தாவீதும் இருபது வயதும்

உங்கள் இளையோர் பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடுதான் தாவீதைச் சொல்லியிருப்பார். ஆனால் விவிலியத்தைப் பிழையாகப் பிடித்திருக்கிறார், அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப் போகிறார் என்பதால் எனக்குக் கவலை. எண்ணிக்கை நூலின் முதல் அதிகாரத்தில் போருக்கு ஆள் கணக்கெடுக்கக் கடவுள் சொல்லும் வயது இருபதும் அதற்கு மேலும். தாவீதை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. சவுல் “நீ சின்னப் பெடியன், முடியாது” என்று தடுத்துத்தான் பார்க்கிறார். அந்த வெற்றியோடு கதை முடியவும் இல்லை. வயதான தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, நீ மிகுந்த இரத்தம் சிந்தினாய், எனக்கு ஆலயம் கட்டக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதை 1 குறிப்பேடு 22இல் தாவீதே தன் மகனுக்குச் சொல்கிறார். கோலியாத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடக் கூடாது. சிறியவர்களை இடறச் செய்பவனின் கழுத்தில் எந்திரக் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது மேல் என்று இயேசு சொன்னபோது, கல்லைப் பிள்ளையின் கழுத்தில் கட்டச் சொல்லவில்லை.

மாதாமாதம் ஒரே பாவம்

நீங்கள் மறைக்கல்வி ஆசிரியை. சாவான பாவத்துக்கு மூன்றும் வேண்டும் என்று நீங்களே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். காரியம் கனமானதுதான். முதல் கிழமைகளில் அறிவு இல்லை. சம்மதமோ, முடி வெட்டப்பட்ட அன்றே பறிக்கப்பட்டுவிட்டது. வகுப்பில் சொல்வதை உங்களுக்கு மட்டும் ஏன் விலக்கி வைக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த புனித பசிலியார், போரில் கொன்றவர்களைக் கொலைகாரராக எண்ணுவதில்லை என்று எழுதினார். ஆனாலும் கைகள் சுத்தமில்லாததால் மூன்று வருடம் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லதாக இருக்கலாம் என்றார். போருக்குப் போன வளர்ந்த ஆண்களைப் பற்றிய பேச்சு அது. அவர்களுக்கும் மூன்று வருடம், பிறகு வந்து சாப்பிடலாம். நீங்கள் 17 வருடமாக வாசலில் நிற்கிறீர்கள்.

பாவசங்கீர்த்தனம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்க வேண்டிய வழக்கு இல்லை. நம்பிக்கையான சுவாமி ஒருவரிடம், அவசரமில்லாத ஒரு நாளில், கூண்டுக்கு வெளியே முகம் பார்த்து இதை ஒரேமுறை முழுவதும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இதே பாவத்தைக் கொண்டுவர வேண்டாம் என்று அவரே உங்களுக்குச் சொல்லட்டும். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் கேட்டால், கேட்பது நல்லதுதான், அந்த எண்களுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். பெயர் தெரியாது, அவர்கள் சிங்களப் பெடியன்களாக இருக்கலாம், நம்முடைய சனமாகவும் இருக்கலாம். “போரில் இறந்த எல்லா ஆன்மாக்களுக்கும்” என்று எழுதிக்கொடுத்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பேய் விரட்டும் ஜெபத்துக்கு மட்டும் போகாதீர்கள். அங்கே ஆட்டி, அழுத்தி, சனத்துக்கு முன்னால் பேச வைப்பார்கள். வலுக்கட்டாயம் உங்களுக்கு ஒருமுறை நடந்தது போதும்.

டொக்டரும் கணவரும்

மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். நித்திரைக்கு மருந்து தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். அங்கே நீங்கள் சொல்ல வேண்டியது நித்திரை, பயம், சாகும் எண்ணம் இவைதான். எந்தப் பிரிவு, எந்தப் பொறுப்பாளர், எந்த இடம் என்பது சிகிச்சைக்குத் தேவையில்லை, சொல்லவும் வேண்டாம். நோயாளி சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் கடமை. போர் முடிந்தபின் அரசு புனர்வாழ்வுக்கு அனுப்பிய 18 வயதுக்குட்பட்டோர் 594 பேர். நீங்கள் அந்தக் கணக்கில் இல்லாததால் வரும் பயத்தை நான் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று உத்தரவாதம் தரவும் என்னால் முடியாது. சட்டக் கேள்வியை ஒரு வழக்கறிஞரிடம் நேரில், வாய்ப்பேச்சாகக் கேளுங்கள். பேஸ்புக்கிலோ வட்சப்பிலோ ஒரு வரியும் எழுத வேண்டாம். எனக்கு அனுப்பிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

கணவருக்கு நீங்கள் இயக்கத்தில் இருந்தது தெரியும், எண்கள் தெரியாது. சொல்லத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒளித்தால் துரோகம் என்று எழுதியிருந்தீர்கள், அது சரியில்லை. காயத்தை எப்போது, எவ்வளவு காட்டுவது என்பது காயப்பட்டவரின் உரிமை. அவருடைய அண்ணாவும் ஷெல்லில் செத்தவர் என்பதால் கேட்கிற காதும் நோகும். சொல்லாமலே இருந்தால், நீங்கள் ஏன் இரவில் முற்றத்தில் நிற்கிறீர்கள் என்பதற்கு அவர் வேறு காரணம் தேடுவார். நடுவில் ஒரு வழி இருக்கிறது: “அந்த நாட்களில் நடந்த ஒன்று திரும்ப வந்து வருத்துகிறது. முழுவதும் சொல்ல இப்போது பலமில்லை. வைத்தியசாலைக்குக் கூட வாருங்கள்.” இதைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அடுத்ததை முடிவுசெய்யலாம். குடித்துவிட்டு இருக்கும் நேரத்தில் மட்டும் பேச்செடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தடைசெய்ய வேண்டிய படம் இல்லை. ஆனால் 13 வயதுப் பிள்ளைகளுக்கு, ஆயத்தமில்லாமல், வேண்டாம். விண்வெளியில் மிதந்து விளையாடும் காட்சிகளில் அவர்கள் கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டல் மனதில் நிற்கும். வன்னியில் எந்த வகுப்பை எடுத்தாலும், பிடிபட்ட ஒரு தாயின், திரும்பி வராத ஒரு மாமாவின் பிள்ளை அதில் இருக்கும். வீட்டில் யாரும் பேசாததை அந்தப் பிள்ளை திரையில் காணும். 17, 18 வயது இளையோருக்கு, முன்பே பெற்றோருக்குச் சொல்லி, பார்த்த பிறகு ஒரு மணி நேரமாவது பேசுவதற்கு ஒதுக்கி, எழுந்து போக விரும்புகிறவருக்குக் கதவைத் திறந்துவைத்துக் காட்டலாம். அந்தப் பையனுக்காக வாதிடும் ஒரு மனநல அதிகாரி படத்தில் வருகிறார். அவருடைய சொல் எடுபடவில்லை. பேச்சை அவரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: பிள்ளைகளைக் கொண்டுபோகும்போது பக்கத்தில் நின்ற பெரியவர்கள் என்ன செய்திருக்கலாம்? எங்கள் கோயில்களும், என்னைப் போன்றவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

அந்தப் பேச்சை நீங்கள் நடத்தத் தேவையில்லை. உங்கள் கதையைச் சாட்சியாகச் சொல்ல யாராவது கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். படம் போடுகிற அன்று உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்றால் போதும்.

என்னைப் பார்க்க வருவதானால் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த வட்டத்தை நீங்கள் கீறி முடிக்காமல் வந்தாலும் பரவாயில்லை, தாளை மட்டும் கொண்டுவாருங்கள்.